ஆசிரியர் பதில்: வைட்டமின் விற்பவரின் சுதந்திரம்

கேள்வி: எதைச் சாப்பிடுவது, எந்த வைட்டமினை வாங்குவது என்று முடிவு செய்ய அரசாங்கம் யார் என்று அமெரிக்காவில் 'ஆரோக்கியச் சுதந்திர' இயக்கத்தார் கேட்கிறார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டமே சிறு விவசாயியை ஒழிக்கப் பெரிய கம்பெனிகள் கொண்டுவந்ததுதான் என்கிறார்கள். நீங்கள் ஏன் அவர்களை ஆதரித்து எழுதுவதில்லை?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: பாதிக்கு ஆதரவு உண்டு. அது எந்தப் பாதி என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வைட்டமின். 1993-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் ஓடியது. ராத்திரி நேரம், துப்பாக்கியோடு அதிரடிப்படை ஒரு வீட்டுக்குள் புகுகிறது. உள்ளே நடிகர் மெல் கிப்சன், கையில் வைட்டமின் சி புட்டி. வெறும் வைட்டமின்தானே என்று மன்றாடுகிறார். பார்த்தவர்கள் பதறிப்போய் எம்.பி.க்களுக்குக் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். 1994 அக்டோபரில் கிளின்டன் கையெழுத்துப் போட, சட்டம் வந்தது. மருந்து என்றால் விற்கும் முன்பே கம்பெனி தன் சரக்கு பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும். சத்து மாத்திரை என்றால் அரசின் முன் அனுமதி தேவையில்லை. அது ஆபத்தானது என்று நிரூபிக்கும் வேலை, அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. தலையில்.

அப்புறம் நடந்ததைத்தான் யாரும் விளம்பரம் எடுக்கவில்லை. எஃபெட்ரா என்ற மூலிகைச் சாறு கலந்த மாத்திரைகள் உடம்பு இளைக்க என்று சக்கைப்போடு போட்டன. அதில் முன்னணியில் இருந்த மெட்டபோலைஃப் கம்பெனி, கடுமையான பக்கவிளைவு என்று தங்களுக்கு ஒரு புகாரும் வந்ததில்லை என்று அரசிடம் சொன்னது. 2002-ல் நெருக்கிப் பிடித்ததும் எடுத்துக் கொடுத்த புகார்கள் 14,000-க்கும் மேல்! மறு வருடம் பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற பேஸ்பால் வீரர், வயது 23, பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலில் சரிந்து செத்துப்போனார். எஃபெட்ராவுக்கும் அதில் பங்கு உண்டு என்றார் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர். தடை வந்தது 2004-ல். சட்டம் வந்து பத்து வருடம் கழித்து.

அந்தப் பத்து வருடம் சுதந்திரமாக இருந்தது யார்? புகார்க் கட்டு கம்பெனியின் அலமாரியில் பூட்டிக் கிடக்க, மாத்திரை வாங்கியவர் எதை வைத்து முடிவு செய்திருப்பார்? கடுமையான பாதிப்புகளை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் போடவே 2006 ஆகிவிட்டது.

அடுத்தது வேர்க்கடலை. ஜார்ஜியாவில் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற கம்பெனி, சால்மொனெல்லா கிருமி இருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்த பிறகும் சரக்கை அனுப்பியது. 2008-09-ல் 714 பேர் நோயில் விழுந்தார்கள், 9 பேர் செத்தார்கள். விசாரணைக் குழுவில் ஓர் எம்.பி., மஞ்சள் எச்சரிக்கை நாடா சுற்றிய ஜாடியைத் தூக்கிக் காட்டி, இதில் உள்ளதைச் சாப்பிடுவீர்களா என்று முதலாளி ஸ்டூவர்ட் பார்னலைக் கேட்டார். பதில் சொல்லாமலிருக்கும் உரிமையைப் பயன்படுத்திக்கொள்கிறேன் என்றார் அவர். (அந்த உரிமையை யாரும் பறிக்கவில்லை, கவனியுங்கள்.) 2015-ல் 28 வருடச் சிறை.

இந்த வேர்க்கடலை விவகாரம் நடந்த காலத்தில், குழந்தைகளுக்கான பால் பவுடர் நீங்கலாக, கெட்டுப்போன உணவைக் கடையிலிருந்து திரும்பப் பெறு என்று கட்டளையிடும் அதிகாரம் எஃப்.டி.ஏ.வுக்கே இல்லை. கேட்டுக்கொள்ளத்தான் முடியும். 2011 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம்தான் அதைக் கொடுத்தது. உங்கள் நண்பர்கள் எதிர்த்தது இந்தச் சட்டத்தைத்தான்.

இனி நான் சொன்ன பாதி. பெரிய தொழிற்சாலைக்கு எழுதிய விதியை இரண்டு ஏக்கர் கீரை போடுபவர் மேல் ஏற்றினால் அவர் மூட்டை கட்ட வேண்டியதுதான். நியாயமான பயம். மான்டனாவைச் சேர்ந்த செனட்டர் ஜான் டெஸ்டர், தானே விவசாயி, இதற்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வருட விற்பனை 5 லட்சம் டாலருக்குள் இருந்து, அதில் பெரும்பகுதி சொந்த மாநிலத்திலோ 275 மைலுக்குள்ளோ சாப்பிடுபவருக்கும் உணவகத்துக்கும் கடைக்கும் நேராகப் போனால், முழு விதியும் பாயாது. ஆனால் பண்ணையின் பெயரும் முகவரியும் விற்கும் இடத்தில் தெரிய வேண்டும். நோய் பரவி, காரணம் அந்தப் பண்ணை என்று தெரிந்தால் சலுகை பறிபோகும்.

இந்தத் திருத்தம் சேர்ந்ததும் மசோதாவுக்கு எதிராகத் திரும்பியது யார் தெரியுமா? பெரிய காய்கறி, பழ வியாபாரச் சங்கங்கள். பெரிய கம்பெனிகள் கொண்டுவந்த சட்டம் என்கிறீர்களே, இதை உங்கள் நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நம் நாட்டின் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் சிறு வியாபாரிக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும் என்று இருக்கிறது. உங்கள் ஊர் செக்கு எண்ணெய்க்காரரை அந்தப் பதிவுக்காக யாராவது அலைக்கழித்தால் விவரமாக எழுதி அனுப்புங்கள், பெரிய எழுத்தில் போடுகிறேன். சட்டமே வேண்டாம் என்று எழுதினால் போட மாட்டேன்.