மலைக்குத் தைத்த கூடாரம் மணலில் நிற்குமா?

வழக்கமாக மிக்ஸி, இன்வெர்ட்டர், சீட்டுக் கம்பெனி என்று வரும் கேள்விகள் இந்த முறை கடற்கரைப் பக்கம் ஒதுங்கிவிட்டன. அரையாண்டு லீவு நெருங்குகிறதல்லவா! வந்ததில் ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணே, 'நான்கு பேர் படுக்கலாம்' என்று போட்டிருந்த கூடாரத்தை ஆன்லைனில் 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். ஆடி மாசம் அரியமான் பீச்சில் கட்டினோம். ஒரு மணி நேரத்தில் கம்பு இரண்டு இடத்தில் பிளந்துவிட்டது. கேட்டால், 'ஏழு நாள் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது, நீங்கள் ஒழுங்காகக் கட்டவில்லை' என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா? அடுத்த தடவை தனுஷ்கோடியிலோ ஏதாவது தீவிலோ போடலாமா? (பரமக்குடி வாசகர்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை கிடக்கிற 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே வழக்கு. கூடாரம் போடுவது அப்புறம். தனுஷ்கோடியில் பொழுது சாய்ந்ததும் போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடும். போதாததற்கு, 2025 ஜூனில் அங்கே 524.7 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். அரியமானிலும் இரவு தங்குவதாக இருந்தால் பீச்சைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கட்டுங்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும். 2,800 ரூபாய்க் கூடாரம் எம்மாத்திரம்? அதனால் உங்கள் வழக்கு முழுக்க ஒரே ஒரு விஷயத்தில் தொங்குகிறது. விற்பனைப் பக்கத்தில் 'பலத்த காற்றைத் தாங்கும்', 'கடற்கரைக்கு ஏற்றது' என்று ஏதாவது எழுதியிருந்ததா? இருந்தால் இன்றைக்கே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு அது இருக்காது. பிளந்த கம்பைத் தூக்கிப் போடாதீர்கள். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். ஏழு நாள் ரிட்டர்ன் என்பது அவர்கள் போட்டுக்கொண்ட கணக்கு. பொருளிலேயே குறை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் வரை நேரம் உண்டு. ஆனால் அப்படி எதுவும் எழுதாமல், 'தோட்டத்துக்கும் பிக்னிக்குக்கும்' என்று மட்டும் போட்டிருந்தால், கயிறு கட்டாமல் ஆடியில் நிறுத்தியது உங்கள் தப்பு என்றுதான் ஆணையமும் சொல்லும். கடிதத்தில் கயிறு என்ற சொல்லே இல்லை, அதனால் கேட்கிறேன்.

நானும் பட்டவன்தான். மதுரையில் ஒரு கடையில், தூக்கிப் போட்டால் தானே விரியும் கூடாரம் ஒன்று வாங்கினேன். மணலில் போட்டதும் விரிந்தது, விரிந்த வேகத்தில் உருண்டது, உச்சிப்புளி ரோட்டுப் பக்கம் இருந்த தென்னந்தோப்பு வேலியில் போய்த்தான் நின்றது. இரண்டாம் பயணத்தில் ஜிப் நகரவே இல்லை. உப்புப் பூத்து, இழுக்கிற கொக்கி பச்சையாகிவிட்டது. கடைக்காரர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "சார், இது கொடைக்கானலுக்குன்னு செஞ்சது" என்றார். விற்கும்போது சொல்லியிருக்கலாம்.

அடுத்த கூடாரம் வாங்கும்போது ஜிப் பல்லும் கொக்கியும் பிளாஸ்டிக்காக இருக்கிறதா பாருங்கள். கம்பு ஃபைபரை விட அலுமினியம் நல்லது. வளையும், சட்டென்று பிளக்காது. 'நான்கு பேர்' என்றால் அகலத்தைப் பாருங்கள். இரண்டு மீட்டர் என்றால் ஆளுக்கு ஐம்பது சென்டிமீட்டர், ரயில் பெர்த்தைவிடக் குறுகல். இரண்டு பேரும் பையும் படுக்கலாம், அவ்வளவுதான். கூடவே தருகிற கம்பி முளை செம்மண்ணுக்கு ஆகும், மணலில் வெண்ணெயில் குத்தின மாதிரி கழன்று வரும். பழைய அரிசிச் சாக்கில் மணலை நிரப்பி, கயிறு கட்டி, முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். செலவு இல்லாத முளை இது. வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, ஜிப்பில் மெழுகுவர்த்தியை ஒரு தேய்ப்புத் தேயுங்கள்.

கேள்வி: தேர்த்தங்கல், சித்திரங்குடி பறவைகள் சரணாலயங்களைச் சுற்றி நடக்கலாம் என்று நண்பர்களோடு திட்டம். கடையில் கணுக்கால் மூடும் வாட்டர்ப்ரூஃப் டிரெக்கிங் ஷூ 5,500 ரூபாய் என்கிறார்கள். அவசியமா? பைனாகுலரும் வாங்க வேண்டும். (கல்லூரி மாணவர், ராமநாதபுரம்)

பதில்: தம்பி, 2024 அக்டோபரில் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று 40 பாதைகளைத் திறந்தது. 14 மாவட்டங்களில் இருக்கின்றன, நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. மலை இருந்தால்தானே! நீங்கள் நடக்கப்போவது கண்மாய்க் கரையில். அங்கே பகை கல் இல்லை, சீமைக் கருவேல முள். பஞ்சு மாதிரி லேசான அடிப்பாகம் கொண்ட ஷூவில் அது நேராக ஏறிவிடும். மேலே எத்தனை ஆயிரம் ரூபாய்த் துணி இருந்தும் பிரயோஜனமில்லை. வாட்டர்ப்ரூஃப் உள்துணி வெளித் தண்ணீரைத் தடுக்கும், சரி. நம் வெயிலில் உள்ளே ஊறும் வேர்வையை யார் தடுப்பது?

கடையில் ஷூவைக் கவிழ்த்து, அடிப்பாகத்தின் நடுவில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து மெதுவாக மேலே வந்தால் வேண்டாம். அசையாத கெட்டி ரப்பர் என்றால் எடுங்கள். ஆயிரத்துச் சொச்சத்துக்கு வேலைத்தளங்களில் போடுகிற ஷூவே போதும். முதுகுளத்தூர்ப் பக்கம் ஆடு மேய்க்கிற பெரியவர்கள் டயர் செருப்போடு அந்தக் காட்டில் அலைந்தது சும்மா இல்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சித்திரங்குடி கரிசல் பூமி. மழை பெய்த மறுநாள் எந்த ஷூ போட்டாலும் காலுக்கு ஒரு கிலோ மண் ஒட்டிக்கொண்டு வரும்.

பைனாகுலரில் 8x42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். கண்ணாடி பெரிதாக இருந்தால் விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் கூழைக்கடாவின் அலகுப் பை தெரியும். '100x ஜூம்' என்று சிவப்புக் கண்ணாடியோடு விற்பவை விளையாட்டுச் சாமான். உருப்பெருக்கம் ஏற ஏறக் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். கடைக்கு வெளியே வந்து, தூரத்துக் கடைப் பலகை எழுத்தைப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஓரத்தில் நிறம் பிசிறினால், இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. தேர்த்தங்கலும் சக்கரக்கோட்டையும் 2025-இல். பட்டியலில் இருந்தாலும் கண்மாயில் தண்ணீர் இருந்தால்தான் பறவை. ஐப்பசி மழை ஏமாற்றிய வருடம் நாரையும் ஏமாற்றிவிடும். புறப்படுமுன் அந்த ஊரில் யாரையாவது போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: காற்றடிக்கிற ரப்பர் படகு 6,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எங்கள் வடகடல் (பாக் கடல்) ஆடி, ஆவணியில் குளம் மாதிரிக் கிடக்கிறதே, பிள்ளைகளோடு இறங்கலாமா? (தேவிபட்டினம் வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. காசு போகிறதே என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த மாதங்களில் வீசுவது கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று. தென்கடலான மன்னார் கடல் கரையில் அது அலையாக வந்து மோதுவதால் யாரும் இறங்க மாட்டார்கள். உங்கள் பக்கம் அதே காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசுகிறது. அதனால்தான் கரையோரம் குளம் மாதிரித் தெரிகிறது. கனமே இல்லாத ரப்பர் படகை அது மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டே போகும்; திரும்பத் துடுப்புப் போடும்போதுதான் தெரியும். பாக் கடலைப் பெண்கடல் என்றும் மன்னார் கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள், அதை நம்பி ஏமாறக் கூடாது.

அந்தக் காசில் பிள்ளைகளுக்கு நல்ல லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். உள்பட்டையில் மிதக்கவைக்கும் விசை '100 நியூட்டன்' என்றும் தர எண் ஐஎஸ்ஓ 12402 என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். 50 நியூட்டன் நீச்சல் தெரிந்தவர்களுக்கு. எண்ணே இல்லாமல் கலர் கலராக விற்பது குளத்தில் விளையாடத்தான். பிள்ளையின் எடைக்குத் தகுந்ததாக, கால் இடுக்கில் வார் உள்ளதாகப் பாருங்கள். வார் இல்லாவிட்டால் ஜாக்கெட் மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். பொங்கல் லீவுக்குக் குடும்பத்தோடு ராமேஸ்வரம். 'மூன்று தீவு, பவளப்பாறை, மதியச் சாப்பாடு, தலைக்கு 2,500' என்று ஓர் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். 5,000 ரூபாய் முன்பணம் போனில் அனுப்பச் சொல்கிறார். நம்பலாமா? (திருவாடானையைப் பூர்வீகமாகக் கொண்ட வாசகர்)

பதில்: 'மூன்று தீவு' என்ற இடத்திலேயே எனக்கு உதைக்கிறது. வனத்துறை ஏற்பாட்டில் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப்போகிற தீவு குருசடை. பாம்பன் பக்கத்தில் குந்துகால் கரையிலிருந்து படகு. 1897-இல் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை அது. டிக்கெட்டும் அங்கேயே. மற்ற தீவுகளை வெளியாள் யாராவது விற்றால், அவர் விற்பது அவருக்குச் சொந்தமில்லாத சரக்கு. பிடிபட்டால் படகுக்காரரோடு நீங்களும் வனத்துறை ஆபீஸில் உட்கார வேண்டியிருக்கும்.

அவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். எந்தெந்தத் தீவு, பெயர் என்ன? டிக்கெட் வனத்துறை பேரில் வருமா? காற்றைப் பார்த்துப் படகை நிறுத்திவிட்டால் பணம் எப்போது திரும்பும்? பேச்சாக இல்லாமல் வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பதில் வாங்குங்கள். போனில் பணம் அனுப்பிய ரசீது, கொடுத்ததற்குத்தான் சாட்சி. எதற்குக் கொடுத்தீர்கள் என்பதற்கு அந்த எழுத்துதான் சாட்சி. எழுதித் தர மறுப்பவருக்கு ஐயாயிரம் என்ன, ஐந்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டு இந்தக் கடிதம் எழுதியிருந்தால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஆரம்பியுங்கள். வழக்குக்காக ராமநாதபுரம் அலைய வேண்டாம். 2019 சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கிற சென்னையிலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது.

உங்கள் சொந்த ஊர்ப் பக்கமே காரங்காடு இருக்கிறதே! தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வருகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பினால் போதும். ஊர்க்காரர்களை வைத்தே வனத்துறை நடத்துகிற படகு. அலையாத்திக் காட்டுக்குள் படகு மெல்லப் போகும்போது, இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் நிற்கும். மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் காது கொடுங்கள். வேருக்கடியில் சின்ன இறால்கள் 'டிக் டிக்'கென்று சொடுக்குப் போடும். முன்கூட்டிச் சொன்னால் ஊர்ப் பெண்கள் மீன் சாப்பாடு செய்து தருவார்கள். ஒன்று மட்டும்: வடகடலில் வாடைக்காற்று தை பிறந்தும் சில நாள் விடாது. காலை முதல் படகுக்கே போய்விடுங்கள்.

கேள்வி: எங்க லாத்தா (அக்கா) ராமேஸ்வரத்தில் ரோட்டோரக் கடையில் வெள்ளைப் பவளக்கல் ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கி வந்தார். வீட்டில் வைத்தால் தப்பு என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். நிஜமா? (கீழக்கரை வாசகி)

பதில்: நிஜம்தான். பவளப்பாறை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை. விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். மூன்றிலிருந்து ஏழு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். கடல் குதிரை, கடல் அட்டைக்கும் இதே கதிதான். 'செத்துக் கரை ஒதுங்கினது' என்று கடைக்காரர் சொல்லியிருந்தாலும் அது வழக்கில் நிற்காது. 600 ரூபாயை மறந்துவிட்டு, தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு வனத்துறையில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். லாத்தாவுக்கு ஞாபகப் பொருள் வேண்டுமென்றால் பனையோலைப் பெட்டி இருக்கிறது. அதற்கு எந்த அட்டவணையும் இல்லை.

கேள்வி: தனுஷ்கோடி அரிச்சல்முனையில் 20 ரூபாய்த் தண்ணீர் பாட்டிலை 30-க்கு விற்கிறார்கள். கேட்டால் 'கூலிங் சார்ஜ்' என்கிறார்கள். (சாயல்குடி வாசகர்)

பதில்: கடையில் விற்றால் அச்சிட்ட விலைதான், குளிரும் அதற்குள் அடக்கம். உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டலில் மட்டும் கூடுதலாக வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தள்ளுவண்டிக்கும் பெட்டிக்கடைக்கும் அது பொருந்தாது. பாட்டிலையும் கடையையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து, தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளருக்கு அனுப்புங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: சாயல்குடியிலிருந்து வண்டியில்தானே போனீர்கள்? வீட்டிலிருந்து ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் ஏற்றிக்கொண்டு போயிருக்கக் கூடாதா?