துபாய் கடனுக்கு இங்கே மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் தீருமா?

கேள்வி: கும்பகோணம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், பெயர் வேண்டாம். துபாயில் ஒன்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். பர்சனல் லோன், இரண்டு கிரெடிட் கார்டு எல்லாம் சேர்த்து 1,30,000 திர்ஹாம் பாக்கி. 2023-ல் வேலை போய் ஊருக்கு வந்துவிட்டேன். லோன் வாங்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செக் பேங்கில் இருக்கிறது. இப்போது ஏஜெண்ட் என்று ஒருவர் தினமும் போன் செய்து இன்டர்போல், அரெஸ்ட் என்று மிரட்டுகிறார். இங்கே ஐ.பி. (திவால் மனு, அதாவது மஞ்சள் நோட்டீஸ்) போட்டால் எல்லாக் கடனும் போய்விடும் என்கிறார் மச்சான். வீட்டை மனைவி பெயருக்கு மாற்றிவிடலாமா? மறுபடியும் வளைகுடாவுக்குப் போக முடியுமா?

பதில்: உங்கள் மச்சான் சொல்வது பாதிதான் சரி. இங்கே ஐ.பி. போட்டு விடுதலை உத்தரவு (கடன் பொறுப்பிலிருந்து உங்களை விடுவிக்கும் கோர்ட் உத்தரவு) வாங்கினால் இந்தியாவுக்குள் அந்தக் கடனுக்காக உங்களை யாரும் நெருக்க முடியாது. ஆனால் துபாயில் அந்தக் கடன் அப்படியே இருக்கும். கடன் அங்கே வாங்கியது, ஒப்பந்தம் அந்த நாட்டுச் சட்டப்படி போட்டது, நம்மூர் கோர்ட் கொடுத்த உத்தரவைப் பார்த்துத் துபாய் கோர்ட் கணக்கை மூட வேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

சரி, அங்கே தீர்ப்பு வாங்கிக்கொண்டு இங்கே வர முடியுமா? முடியும். 17 ஜனவரி 2020 அன்று மத்திய அரசு ஐக்கிய அரபு அமீரகத்தை உரிமையியல் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின் கீழ் பரஸ்பர நாடாக அறிவித்துவிட்டது. அதற்கு முன்பு அங்கே வாங்கிய தீர்ப்பை வைத்துக்கொண்டு இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும், இப்போது சான்றிட்ட நகலோடு நேராக உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு (தீர்ப்பின்படி பணத்தை வசூலித்துத் தரக் கேட்கும் மனு) போடலாம், அந்த கோர்ட்டே கொடுத்த தீர்ப்பு மாதிரி அதை நடத்துவார்கள். "ஊருக்கு வந்துவிட்டோம், இனி என்ன செய்வான்" என்று இருக்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை, அதுதான் எனக்குக் கவலை.

ஆனால் உங்களுக்கும் பிடி இருக்கிறது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, வழக்கின் உள்ளே போய் விசாரித்துச் சொல்லாத தீர்ப்பு, உங்களுக்குச் சரியாகத் தகவல் தராமல் வாங்கிய தீர்ப்பு, மோசடியில் வாங்கிய தீர்ப்பு இவையெல்லாம் இங்கே செல்லாது. நீங்கள் ஆஜராகவில்லை என்பதற்காக மட்டும் சாட்சி, ஆவணம் எதையும் பார்க்காமல் கொடுத்த எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு இதில் விழும் என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லியிருக்கிறது. செக் விஷயத்திலும் இது முக்கியம். 2 ஜனவரி 2022 முதல் அங்கே பணமில்லாமல் திரும்பிய செக் பொதுவாகக் கிரிமினல் குற்றமில்லை (வேண்டுமென்றே கணக்கை மூடுவது, பேமெண்டை நிறுத்துவது போன்றவை இன்னும் குற்றம்தான்), அதற்குப் பதில் பேங்க் அந்தச் செக்கை வைத்தே நேராக நிறைவேற்று நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்படி வாங்கிய உத்தரவைக் கொண்டுவந்தால், எங்கே விசாரணை நடந்தது என்று இங்கே நீங்கள் கேட்கலாம். அதனால்தான் சொல்கிறேன், துபாயிலிருந்து கோர்ட் நோட்டீஸ் வந்தால் பதறிப்போய் அங்கே வக்கீல் வைத்து ஆஜராகிவிடாதீர்கள். ஆஜராகி வாதாடி வரும் தீர்ப்பை இங்கே எதிர்ப்பது ரொம்பக் கஷ்டம். அதற்காகச் சும்மாவும் இருக்கக் கூடாது, நோட்டீஸ் எப்படி வந்தது, எந்த மொழியில், எந்தத் தேதியில் என்று எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

அப்புறம் ஐ.பி. 2016 திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும்தான் அமலில் இருக்கிறது. உங்களுக்கு இன்னும் அந்த 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம்தான், மனு உங்கள் ஊர் சப் கோர்ட்டில் (சென்னைக்காரர் என்றால் 1909 சட்டம், உயர் நீதிமன்றம்). 500 ரூபாய்க்குக் கடன் இருந்து அதைக் கட்ட வழியில்லை என்றாலே மனு போடலாம், வெளிநாட்டுக் கடனையும் பட்டியலில் காட்டலாம், காட்டவும் வேண்டும். திவால் என்று அறிவித்துவிட்டால் அந்தப் பேங்க் நீதிமன்ற அனுமதியில்லாமல் இங்கே உங்கள் சொத்தைத் தொட முடியாது.

விலை என்ன தெரியுமா? உங்கள் சொத்து மொத்தமும் ரிசீவர் (திவாலானவர் சொத்தை நிர்வகிக்கும் கோர்ட் அதிகாரி) கைக்குப் போகும். விடுதலை உத்தரவு வருவதற்குள் அப்பா சொத்தில் பங்கு வந்தால் அதுவும் போகும். பி.எஃப்., சமையல் பாத்திரம், தொழில் கருவி போல ஜப்தி செய்யக் கூடாதவை மட்டும் உங்களிடம் நிற்கும். வீட்டின் மேல் இங்கே ஹவுசிங் லோன் இருந்தால் அந்த பேங்கை ஐ.பி. தடுக்காது. உங்கள் சொத்து கடனில் ரூபாய்க்கு எட்டணாகூடத் தேறவில்லை என்றால், அது உங்கள் தவறால் வந்ததில்லை என்று நிரூபிக்காமல் முழு விடுதலை கிடைக்காது, ஆகவே வேலையைவிட்டு நீக்கிய கடிதத்தைத் தொலைத்துவிடாதீர்கள். நிறையப் பேர் செய்யும் தவறு இன்னொன்று: திவால் உத்தரவு வாங்கியதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கோர்ட் சொன்ன கெடுவுக்குள் விடுதலைக்குத் தனியாக மனு போடாவிட்டால் அந்த உத்தரவே ரத்தாகிவிடும், மறுபடி முதலிலிருந்து.

வீட்டை மனைவி பெயருக்கு மாற்றுவது வேண்டவே வேண்டாம். மாற்றி இரண்டு வருஷத்துக்குள் ஐ.பி. மனு வந்து நீங்கள் திவால் ஆனால் அந்தத் தான செட்டில்மெண்டை ரிசீவர் ரத்து செய்ய வைக்கலாம், அதைவிடப் பெரிய சேதம், கடன்காரரை ஏமாற்றினார் என்ற பெயர் வந்து உங்கள் விடுதலையே கெட்டுவிடும்.

மிரட்டுகிற ஏஜெண்டைப் பற்றி. தனிப்பட்ட கொடுக்கல் வாங்கலுக்குச் சிவப்பு நோட்டீஸ் போட இன்டர்போல் விதியிலேயே இடமில்லை. பணம் கட்டவில்லை என்பதற்காக மட்டும் இங்கே சிறையில் போடக் கூடாது, வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவருக்குத்தான் அது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. போனில் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள், எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கு ஒரு திர்ஹாம்கூடப் போடாதீர்கள்.

வளைகுடாவுக்குத் திரும்புவதுதான் உங்கள் கேள்விகளில் உண்மையிலேயே கனமானது. துபாயில் நிறைவேற்று வழக்கு இருந்தால் பயணத் தடையும் கைது உத்தரவும் வரலாம், அந்த ஏர்போர்ட்டில் இறங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். கத்தார், ஓமன் என்று மாற்றிப் போனாலும் வளைகுடா நாடுகளுக்குள் ஒருவர் தீர்ப்பை மற்றவர் நிறைவேற்றித் தரும் உடன்பாடு இருக்கிறது. ஐ.பி. உத்தரவு அங்கே உங்களுக்கு உதவாது. அமீரகத்திலேயே தனிநபர் திவாலுக்கு 2019-ஆம் ஆண்டு 19ஆம் எண் சட்டம் இருக்கிறது, மூன்று வருஷம் வரை தவணை பிரித்துக் கட்ட வழி செய்கிறது, ஆனால் அது அங்கே வருமானத்தோடு இருப்பவருக்குத்தான் கைகொடுக்கும்.

உங்களுக்கு 40 வயதுகூட ஆகியிருக்காது, மறுபடி போகத்தான் நினைக்கிறீர்கள். என் யோசனை, இப்போது ஐ.பி. வேண்டாம். அங்கே ஒரு வக்கீலுக்குப் பவர் கொடுத்து வழக்கு நிலவரத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், பேங்கிடம் லயபிலிட்டி லெட்டர் (பாக்கி எவ்வளவு என்று காட்டும் கடிதம்) கேளுங்கள், அசல் எவ்வளவு வட்டி எவ்வளவு என்று தெரிந்த பிறகு ஒரே தொகையாகவோ தவணையாகவோ பேசுங்கள். வசூலாகாது என்று நினைக்கும் கடனில் பேங்குகள் கணிசமாக இறங்கி வருவதை நான் பார்த்திருக்கிறேன். பேசியது எழுத்தில் வந்த பிறகே பணம், பணம் போன பிறகு கிளியரன்ஸ் லெட்டர் (பாக்கி இல்லை என்ற கடிதம்), வழக்கை வாபஸ் வாங்கியதற்கான கோர்ட் பேப்பர், உங்கள் செக் மூன்றும் கைக்கு வர வேண்டும். அந்த மூன்றும் வராமல் டிக்கெட் போடாதீர்கள். இதற்கிடையில் கும்பகோணத்தில் நிறைவேற்று மனு வந்து வீட்டுக்கு ஜப்தி நோட்டீஸ் ஒட்டினால், அன்றைக்கு ஐ.பி. பற்றிப் பேசலாம், அப்போதும் நேரம் இருக்கும்.