காற்றை விசாரித்த கவிஞர்

கேள்வி: பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’ பாடல் வெறும் புலம்பல்தானே? அதில் சமூகச் செய்தி எங்கே இருக்கிறது?

பதில்: அப்படித் தள்ளிவிடாதீர்கள். 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜித் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அங்கே சிக்கிய பெண்களைத்தான் பாரதி பாடுகிறார். ‘விம்மி’ என்று நான்கு முறை அடுக்கி, அந்த அழுகுரலைக் கேட்டிருப்பாயே என்று காற்றை விசாரிக்கிறார். கடல் கடந்த கண்ணீருக்கு வேறு சாட்சி ஏது? செக்கு மாடுகள் போல உழைப்பவர்களின் துன்பம் நீங்க வழியில்லையா என்று பதறுகிறார். கடைசியில் காளியை அழைக்கும்போது இரக்கம் சினமாக மாறிவிடுகிறது. செய்தி அங்கேதான் இருக்கிறது. மேடைகளில் சோகமாக இழுத்துப் பாடுகிறவர்கள் அந்தச் சினத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.