வாசகர் கேள்வி–பதில்: நாவலில் இருந்தது படத்தில் எங்கே போயிற்று?

கேள்வி (வாசகர், திருநெல்வேலி): டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலைப் பலமுறை படித்தவன் நான். அண்மையில் பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்களையும் மறுபடி பார்த்தபோது எரிச்சலே மிஞ்சியது. டாம் பாம்படில் இல்லை, குட்டி மனிதர்களான ஹாபிட்டுகளின் ஊராகிய ஷயரை மீட்கும் பகுதி இல்லை, படைத்தலைவர் ஃபராமிர் வேறு ஆளாகவே தெரிகிறார். இத்தனை பேர் நேசிக்கும் நாவலில் கைவைக்க ஓர் இயக்குநருக்கு எவ்வளவு உரிமை உண்டு?

பதில்: தாங்கள் அடுக்கியிருக்கும் மூன்று குறைகளையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அணிபவரை மறையவைத்து மனத்தையும் கெடுக்கும் அந்த மோதிரத்தைப் பாம்படில் விரலில் மாட்டிக்கொள்கிறார், மறையவில்லை. அது அவரை ஒன்றும் செய்வதில்லை. நாவலில் அழகான புதிர் இது. ஆனால் மோதிரத்துக்கு அஞ்சவேண்டும் என்று பார்வையாளருக்கு இப்போதுதான் சொல்லி முடித்திருக்கும் ஒரு படம், அடுத்த அரை மணி நேரத்திலேயே அந்த அச்சத்தைத் தானே கலைத்துக்கொள்ள முடியாது. ஷயர் விஷயத்தில் எனக்கும் வருத்தம் உண்டு. ஊர் திரும்பும் நான்கு ஹாபிட்டுகள் கெட்ட மந்திரவாதி சாருமானின் அடியாட்களைத் தாங்களாகவே விரட்டுவதில்தான் அவர்கள் வளர்ந்துவிட்டது தெரிகிறது. இருந்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் மூன்றாம் படத்தில், மோதிரம் அழிந்த பிறகு இன்னொரு சண்டையைத் தொடங்க எந்த இயக்குநரும் தயங்கத்தான் செய்வார்.

இடம் மாற்றுவதும் துரோகம் ஆகிவிடாது. மோதிரத்தை முன்பு வைத்திருந்த கோல்லத்தை, அதை எடுத்துவந்த ஹாபிட் பில்போ அன்றே கொன்றிருக்கலாமே என்று இப்போது அதை வைத்திருக்கும் ஃப்ரோடோ சொல்வதும், கொல்லாமல் விட்ட இரக்கத்தைப் பற்றி மந்திரவாதி காண்டால்ஃப் பதில் சொல்வதும் நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில், ஃப்ரோடோவின் வீட்டுக்குள் பத்திரமாக உட்கார்ந்து பேசும்போது வருகின்றன. ஜாக்சன் அந்த உரையாடலை மோரியா சுரங்கத்துக்குக் கொண்டுபோனார். வழி மறந்துபோன காண்டால்ஃப் இருளில் உட்கார்ந்திருக்க, கீழே தொற்றி ஏறிவரும் கோல்லத்தை ஃப்ரோடோ கண்ணாலேயே பார்த்துவிட்டுப் பேசுகிறான். சற்று நேரத்தில் காண்டால்ஃப் பாலத்திலிருந்து விழப்போகிறார். சொற்கள் பெரும்பாலும் டோல்கீனுடையவை. அவற்றின் கனம் திரையில் கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை.

ஃபராமிர் விஷயத்தில்தான் நான் தங்கள் பக்கம். வழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்று நாவலில் சொல்பவர், ஃப்ரோடோவிடம் இருப்பது அதே மோதிரம்தான் என்று தெரிந்த பிறகும் சொன்ன சொல்லில் நின்று, உணவு கொடுத்து அனுப்பிவைக்கிறார். படத்திலோ ஃப்ரோடோவையும் அவன் தோழன் சாமையும் ஆஸ்கிலியாத் நகரம் வரை கைதிகளாக இழுத்துச் சென்ற பிறகே மனம் மாறுகிறார். திரைக்கதையாளர்களின் காரணம் புரியாமல் இல்லை: ராட்சதச் சிலந்தி ஷீலாப் வரும் பகுதியை மூன்றாம் படத்துக்குத் தள்ளியதால் இரண்டாம் படத்தில் ஃப்ரோடோவுக்கு ஒரு தடை தேவைப்பட்டது, ஒருவர் எளிதாக மறுத்துவிட்டால் மோதிரத்தின் ஆபத்து நீர்த்துவிடும் என்ற பயமும் இருந்தது. ஆனால் அண்ணன் போரோமிர் விழுந்த அதே சோதனையில் தம்பி நிமிர்ந்து நிற்பதால்தான், மனிதர் எல்லோரும் விழுந்தே ஆகவேண்டும் என்பதில்லை என்று நாவல் காட்டுகிறது. மூன்றாம் படத்தில் நடப்பது இதைவிட மோசம். லெம்பாஸ் ரொட்டியைச் சாம் தின்றுவிட்டான் என்று கோல்லம் கோள்மூட்ட, அதை நம்பி ஃப்ரோடோ சாமைத் திருப்பி அனுப்புகிறான். நாவலில் இருவரும் சேர்ந்தே ஷீலாபின் குகைக்குள் நுழைகிறார்கள். நிகழ்ச்சிகளை வெட்டலாம், நகர்த்தலாம், ஒருவர் செய்ததை இன்னொருவருக்குக் கொடுக்கவும் செய்யலாம் (எல்ஃப் வீரர் க்ளோர்ஃபிண்டலின் இடத்தில் எல்ஃப் பெண் ஆர்வென் வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை). ஒரு பாத்திரம் மனமறிந்து எடுத்த முடிவைத் தலைகீழாக்கும் உரிமை மட்டும் இயக்குநருக்கு இல்லை என்பேன்.

கேள்வி (வாசகி, கோயம்புத்தூர்): டோல்கீன் உயிரோடு இருந்திருந்தால் இந்த மாற்றங்களை ஒப்புக்கொண்டிருப்பாரா?

பதில்: அவர் 1973இல் காலமானார் என்றாலும், நாம் முழுக்க ஊகிக்க வேண்டியதில்லை. 1957, 58ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்து ஒரு கார்ட்டூன் படத் திட்டம் வந்தபோது அதன் கதைச் சுருக்கத்தைப் படித்து அவர் எழுதிய கடிதங்கள் அச்சில் உள்ளன. சிலவற்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லும் சுருக்கத்தை அவர் எதிர்க்கவில்லை. எல்லாவற்றையும் நெருக்கித் திணித்து உச்சங்களை மழுங்கடிப்பதைத்தான் வெறுத்தார். தேவையில்லாத இடமெல்லாம் கழுகுகள் பறந்து வந்ததற்காகக் கோபப்பட்டவர், நாவலின் இறுதிப் பகுதியை வெட்டியிருந்ததைப் பார்த்து, அப்படியானால் சாருமான் சாகவேண்டிய காரணமே இல்லையே என்று கேட்டிருக்கிறார். தாங்கள் வியக்கக்கூடிய செய்தி இன்னொன்று உண்டு. நடமாடும் மர உருவங்களான என்ட்டுகள், ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போர் ஆகிய இரண்டுக்கும் போதிய இடமில்லை என்றால் போரை விட்டுவிடலாம், அது மையக் கதைக்குப் புறம்பானது என்பது அவருடைய கட்சி.

ஜாக்சன் செய்தது நேர் எதிர். நாவலில் ஓர் அத்தியாயமாக இருந்த அந்தப் போர் இரண்டாம் படத்தின் உச்சமாயிற்று. படமாக்கிய திறமையில் எனக்குக் குறையில்லை. அதற்கு விலை கொடுத்தவை என்ட்டுகள். நாவலில் அவை மூன்று நாள் கூடிப் பேசித் தாமாகவே போருக்குக் கிளம்புகின்றன. படத்திலோ போர் வேண்டாம் என்று கைவிரித்த பிறகு, ஹாபிட் பிப்பின் தந்திரமாக வழிமாற்றி அழைத்துப்போய் வெட்டுண்ட மரங்களைக் காட்டியதால்தான் அவற்றின் தலைவர் ட்ரீபியர்டுக்குக் கோபம் வருகிறது.

கேள்வி (வாசகர், சேலம்): நேரம் போதாததுதான் காரணம் என்றால், ‘தி ஹாபிட்’ என்ற சிறிய நாவலை மூன்று படங்களாக எடுத்தும் ஏன் சலிப்புத் தட்டியது?

பதில்: 1937இல் வெளியான அந்தச் சிறுவர் நாவலில் 19 அத்தியாயங்களே உள்ளன. 2012 முதல் 2014 வரை வந்த மூன்று படங்களும் சேர்ந்து ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஓடுகின்றன. நாவலில் இல்லாத டாரியல் என்ற எல்ஃப் பெண்ணும், அவளுக்கொரு காதலும், நாவலின்படி எப்போதோ செத்துப்போன ஆர்க் தலைவன் ஆஸோகின் துரத்தலும் அந்த நேரத்தை நிரப்ப வந்தவைதான். புதிய பாத்திரம் என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. இந்தக் கூட்டத்தில் கதைநாயகன் பில்போ பல காட்சிகளில் வெறும் வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார் என்பதுதான் என் குறை. முதல் படத்தில் அவரும் கோல்லமும் இருட்டில் விடுகதை போடும் காட்சி மட்டும் நாவலை ஒட்டியே நகர்கிறது, அதில் வாள் வீச்சோ ஓட்டமோ கிடையாது, இரண்டு பேர் பேசுகிறார்கள், அவ்வளவுதான். மூன்று படங்களிலும் நான் மறுபடி போட்டுப் பார்ப்பது அது ஒன்றைத்தான்.