யுத்த காலத்துப் பாட்டுகள்: கேள்வி பதில்

பெகுவிலிருந்து: ஐயா, பாரதியாரின் கரும்புத் தோட்டப் பாட்டு நம் பர்மாக் கூலிகளைப் பற்றியதா?

ஃபிஜித் தீவுப் பெண்களைப் பற்றியது. கேட்பது நீங்கள் மூன்றாவது ஆள்.

ரங்கூனிலிருந்து: அம்மாச்சி ஒப்பாரியில் தாத்தாவுக்குப் பொன்னூஞ்சல் வருகிறது. வசதியாக இருந்தோமா?

ஒப்பாரியில் நெல் ஆலைக் கூலிக்கும் பொன்னூஞ்சல் உண்டம்மா. ஒரு சொல்லை வைத்துக் குடும்ப வரலாறு எழுதாதீர்கள்.

மீண்டும் ரங்கூன்: "நோட்டெல்லாம் காகிதமாச்சு" என்பது எந்த வருஷம்?

இரண்டு தடவை ஆனது. 1945இல் ஜப்பான் நோட்டு, 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள். அடுத்த அடியில் கப்பலேறி ஊர் போவது வந்தால் 1964 என்று வையுங்கள். மலையேறி நடப்பது வந்தால் அது ஜப்பான்காரனுக்குப் பயந்து இந்தியாவுக்கு நடந்த 1942 ஓட்டம். வேறு பாட்டு வந்து ஒட்டியிருக்கிறது.

மோல்மேனிலிருந்து: அப்பாயி தாலாட்டில் "கங்காணி தலையெண்ண காட்டு ரயிலு கூவுதடா" என்று வரும். எங்கள் வீட்டில் யாராவது ரயில் போடப் போனார்களா?

தம்பி, ரயிலை விடுங்கள், கங்காணியைப் பிடியுங்கள். ரங்கூன் துறைமுகத்துக்கும் நெல் ஆலைக்கும் ஆள் கொண்டுவந்தவர் மேஸ்திரி. கங்காணி மலாயா, இலங்கைத் தோட்டத்துப் பேச்சு. 1942-43இல் ஜப்பான்காரன் சயாமிலிருந்து உங்கள் ஊருக்குத் தெற்கே தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை போட, மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ரயிலில் அடைத்துக் கொண்டுவந்தான். தலையெண்ணுவது தோட்டத்துக் காலைப் பெரட்டு, அதாவது வேலைக்கு முன் ஆட்களை நிறுத்தி எண்ணுவது. அங்கே காலரா வந்த பிறகு, நேற்று எண்ணிய தலை இன்று இருக்காது. அதைத் தாலாட்டில் வைத்தவள் சாமானியப்பட்டவள் இல்லை. ஆனால் வரி மலாயாக்காரருடையது. அப்பாயி காதில் வாங்கியிருப்பார்.

தட்டோனிலிருந்து: மன்னிக்கவும். என் தாத்தா தட்டோனில் பிறந்தவர், அந்த ரயிலில் வேலை செய்தவர்.

செய்திருப்பார். 'வியர்வைப் படை' என்று பர்மாவிலும் ஆள் பிடித்தார்கள். நான் கேட்பது, கங்காணி யார் வாய்ச் சொல் என்று.

தட்டோன்: தாத்தாவும் கங்காணி என்றுதான் சொல்வார்.

மலாயாக்காரரோடு கிடந்து ஒட்டிய பேச்சு.

தட்டோன்: எது சொன்னாலும் உங்கள் கட்சிக்கே சாட்சியா? ஒரு சொல்லை வைத்து வரலாறு எழுதாதே என்றது யார்?

சரி, பட்டது அடி. மோல்மேன் தம்பி, மீதி வரிகளில் ரப்பர் மரம், பால் வாளி ஏதும் வருகிறதா?

தட்டோன்: மோல்மேன் பக்கமும் ரப்பர்தானே ஐயா!

அதுவும் உண்மை. அப்படியானால் 'பெரட்டு' என்ற சொல்லே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் நான் சொன்னது ஊகம் மட்டும். அப்பாயி இருக்கும்போதே முழுப் பாட்டையும் பதிவு செய்துவிடுங்கள், தம்பி.

மேமியோவிலிருந்து: ஐயா, அந்தக் கரும்புத் தோட்டப் பாட்டு...

ஃபிஜி.