அடிதடிக்கு நடுவே சிரிப்பு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கொரிய அதிரடிப் படங்களைப் பார்த்து விமர்சனம் எழுதிப் பழகி வருகிறேன். வில்லன் கத்தியோடு நிற்கும் நேரத்தில் திடீரென ஒரு நகைச்சுவை வந்து விழுகிறது. இதைத் திரைக்கதையின் தடுமாற்றம் என்று எழுதலாமா?

பதில்: தடுமாறும் படத்தைப் பற்றி அப்படித் தாராளமாக எழுதலாம். ஆனால் பார்க்கும் படத்துக்கெல்லாம் அதே வரியை எழுதினால், அந்தப் படங்களின் உயிர்நாடியையே குறை என்று சொன்னதாகிவிடும். கொரிய வணிகப் படங்களில் பெரும்பாலும் அடிக்கிறவரேதான் சிரிக்கவும் வைக்கிறார். 2017-இல் வெளிவந்த 'தி அவுட்லாஸ்' படத்தின் இறுதிச் சண்டை விமான நிலையக் கழிப்பறையில் நடக்கிறது. "தனியாகவா வந்தாய்?" என்ற பொருளில் வில்லன் மிரட்ட, தனக்கு இன்னும் கல்யாணமாகவில்லை என்கிற தொனியில் பதில் சொல்கிறார் மா டோங்-சியோக் நடித்த காவல் அதிகாரி. அந்தப் பதிலால் பதற்றம் சிறிதும் குறைவதில்லை. எதிரில் நிற்பவனை இவர் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்பது நமக்குப் புரிந்துவிடுவதால், முதல் குத்து விழுவதற்கு முன்பே நாம் நிமிர்ந்து உட்காருகிறோம்.

இதைவிட நுட்பமான உதாரணம், போங் ஜூன்-ஹோ இயக்கிய 'தி ஹோஸ்ட்' (2006). ஹான் ஆற்றிலிருந்து வந்த விலங்கு சிறுமியைத் தூக்கிச் சென்றபின், அவள் இறந்துவிட்டாள் என்று நம்பும் குடும்பம் அஞ்சலிக் கூடத்தில் கதறுகிறது. ஒருவர் மேல் ஒருவர் சரிந்து தரையில் புரள, புகைப்படக்காரர்கள் சுற்றி நின்று படமெடுக்கிறார்கள். சிரிப்பு வருகிறது, ஆனாலும் அந்த அழுகை பொய்யாகத் தோன்றவில்லை. இந்தக் குடும்பம் எதையும் உருப்படியாகச் செய்யத் தெரியாத குடும்பம் என்று அந்தக் காட்சி சொல்லி வைக்கிறது. பின்னால், துப்பாக்கியில் மிச்சமிருக்கும் தோட்டாக்களை மூத்த மகன் தவறாக எண்ணியதால் அவருடைய தந்தை உயிரிழக்கும்போது, முன்பு சிரிக்க வைத்த அதே அசட்டுத்தனம் நெஞ்சை அடைக்கிறது. அந்தச் சிரிப்பு பின்னால் எதற்குப் பயன்பட்டது என்பதை எழுதினால், உங்கள் விமர்சனத்துக்கு எடை கூடும். அதற்கு எந்தப் பயனும் இல்லையென்றால் தடுமாற்றம் என்றே எழுதுங்கள்.

கேள்வி: சண்டைக் காட்சிகளைப் பற்றி "அருமை" என்பதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அடிபடுகிறவரின் உடலைக் கவனியுங்கள். பார்க் சான்-வூக்கின் 'ஓல்ட்பாய்' (2003) படத்தில் நாயகன் சுத்தியலோடு ஒரு கும்பலை எதிர்கொள்ளும் நடைபாதைச் சண்டை, வெட்டு இல்லாத ஒரே காட்சித் துண்டாக, மூன்று நாள் முயன்று எடுக்கப்பட்டது. முதுகில் ஏறி நிற்கும் கத்தி மட்டுமே கணினியில் சேர்க்கப்பட்டது. கேமரா பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நாயகனுக்கு மூச்சு வாங்குகிறது, அவர் விழுகிறார், எழ நேரமாகிறது. அடியாட்களும் களைத்துப்போய்த் தயங்கி நிற்கிறார்கள். வீரத்தைவிடப் பிடிவாதம்தான் அதில் தெரிகிறது. 'தி வில்லனெஸ்' (2017) இதற்கு நேர் எதிரானது. அதன் தொடக்கச் சண்டையை நாயகியின் கண் வழியாகவே பார்க்கிறோம். அவருடைய தலை கண்ணாடியில் மோதும்போதுதான் முகமே நமக்குத் தெரிகிறது. வியக்க வைக்கும் வித்தை அது. என்றாலும் வலியை உணரவிடாத வித்தை என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: 'எக்ஸ்ட்ரீம் ஜாப்' படத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து அதிக மதிப்பெண் தரலாமா?

பதில்: தென்கொரியாவில் படத்தின் வெற்றியை முதன்மையாகப் பார்வையாளர் எண்ணிக்கையால் அளக்கிறார்கள், ஒரு கோடி என்பது அங்கே பெரிய எல்லைக்கோடு. 2019-இல் இந்தப் படம் 1 கோடியே 60 லட்சத்தைத் தாண்டியது. அதை ஒரு செய்தியாகக் குறிப்பிடுங்கள், மதிப்பெண்ணோடு சேர்க்க வேண்டாம். போதைப்பொருள் கும்பலைக் கண்காணிக்கக் கோழி வறுவல் கடையை எடுத்து நடத்தும் காவலர்கள், வியாபாரம் சூடுபிடித்ததும் கண்காணிப்பையே மறந்துபோகிறார்கள் என்ற கதைக்கருவும், தொலைபேசி ஒலித்தாலே தலைவர் கடை விளம்பர வாசகத்தை ஒப்பிக்கத் தொடங்குவதும் பாராட்டுக்குரியவை. கடை கிளை கிளையாகப் பெருகும் பகுதியில் படம் தொய்கிறது. அதையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.