மகள் செயற்கைக்கோளில் காற்று மாசை அளக்கப் போகிறாளாம்

ஐயா, வணக்கம்.

“செயற்கைக்கோளை வைத்துக் காற்று மாசை அளக்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறாள் மகள். அப்படி ஒரு வேலை நிஜமாகவே இருக்கிறதா, அதற்கு ராக்கெட் படிக்க வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை இருக்கிறது. ராக்கெட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

வேலை இன்னதென்று தெரிந்தால் படிப்பு தானாகப் புரியும். நாசா 1999-இல் ஏவிய டெர்ரா, 2002-இல் ஏவிய அக்வா ஆகிய இரு செயற்கைக்கோள்களிலும் மோடிஸ் என்றொரு கருவி உண்டு. சுமார் 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது தூசியை எண்ண முடியுமா என்ன? பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய வெளிச்சம் எந்த நிறத்தில் எவ்வளவு என்று பதிகிறது, அவ்வளவுதான். அதில் தரை அனுப்பியது எவ்வளவு, நடுவில் மிதக்கும் புகையும் தூசியும் சிதறடித்தது எவ்வளவு என்று பிரிப்பது மனிதர்கள் எழுதிய கணக்கு. கடலும் காடும் இருண்டு தெரிவதால் அவற்றின்மேல் கணக்கு ஓரளவு சுலபம். பாலைவன மணலோ தானே பளிச்சென்று இருக்கும். ஆனால் நீல ஒளியில் பார்த்தால் மணலும் மங்கிவிடும். அதைப் பிடித்துக்கொண்டு ‘டீப் புளூ’ என்ற முறையைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த யுக்தி அது.

இப்படிக் கிடைக்கும் எண்ணுக்கு ஏஓடி என்று பெயர். தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சிவரை உள்ள துகள்கள் எல்லாம் சேர்ந்து ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்பதன் அளவு. நாம் மூச்சு விடுவது தரையோரத்தில், சிக்கல் இங்கேதான். இரண்டு நாளும் 0.6 என்று வரலாம். ஒரு நாள் காட்டுத்தீப் புகை மூன்று கிலோமீட்டர் மேலே போய்க்கொண்டிருக்கும், கீழே காற்று சுத்தமாக இருக்கும். மறுநாள் அதே அளவு புகை தரையோடு அமுங்கிக் கிடக்கும். காற்றில் ஈரம் கூடினால் துகள்கள் தண்ணீரை உறிஞ்சிப் பருத்து ஏஓடி அளவை ஏற்றிவிடும். ஆகவே பிஎம் 2.5, அதாவது நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள மிக நுண்ணிய துகள்களின் அளவுக்கு வந்து சேர வானிலைத் தரவு வேண்டும், தரையில் வைத்த கருவிகளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் வேண்டும். வேலையில் பாதி இந்த மல்லுக்கட்டல்தான்.

சரி, படிப்பு. இளநிலையில் இயற்பியல், கணிதம், வேதியியல் இவற்றில் ஒன்றை ஒழுங்காகப் படிக்கட்டும். வளிமண்டல அறிவியலோ, தொலைவிலிருந்தே அளக்கும் தொலையுணர்வோ முதுநிலையில் எடுத்துக்கொள்ளலாம். கூடவே பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் புள்ளியியலும். பெயரில் ‘விண்வெளி’ ஒட்டிய இளநிலைப் படிப்பின் பளபளப்பான விளம்பரத்தைக் கண்டால், எத்தனை பருவத்துக்குக் கணிதம் என்று முதலில் கேளுங்கள்.

வேலைவாய்ப்பை மிகைப்படுத்த மாட்டேன். விண்வெளி மையங்கள், வானிலைத் துறைகள், மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள், பல்கலைக்கழகங்கள்தான் முக்கிய இடங்கள். ஆராய்ச்சி என்றால் முனைவர் பட்டம் வேண்டும், சில வருடம் ஒப்பந்த வேலையும் பார்க்க நேரும். ஆனால் கற்ற கைத்திறன் வீணாகாது. சூரிய மின் உற்பத்தியை முன்கணிப்பவர்களுக்கும் மாசால் வரும் நோய்களை ஆராய்பவர்களுக்கும் இதே கணக்கு தேவைப்படுகிறது. தரவும் குவிகிறது: 2020-இல் தென் கொரியா அனுப்பிய ஜெம்ஸ், 2023-இல் நாசா அனுப்பிய டெம்போ என்ற காற்று மாசுக் கருவிகள் இரண்டும் தத்தமக்குரிய பகுதியையே விடாமல் நோக்கி, பகலில் மணிக்கொரு முறை பார்க்கின்றன.

கட்டணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். செயற்கைக்கோள் படங்களைக் காட்டும் நாசாவின் ‘வேர்ல்ட்வியூ’ இணையதளம் இலவசம். பெரிய காட்டுத்தீ நடந்த ஒரு நாளைத் தேர்ந்து, சாதாரணப் படத்தையும் ஏஓடி படத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க மகளிடம் சொல்லுங்கள். ஏஓடி படத்தில் அங்கங்கே வெற்றிடம் இருக்கும். பெரும்பாலும் அதற்குக் காரணம் மேகம். சில இடத்தில் புகை அடர்த்தியாக இருந்ததாலேயே மேகம் என்று நினைத்துக் கணக்கு அதைத் தள்ளியிருக்கும். அப்படியானால் மாதச் சராசரி என்ன ஆகும் என்று அவளிடம் கேளுங்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். இரண்டு நாள் கழித்து அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள், அப்புறம் கல்லூரியைப் பற்றிப் பேசுவோம்.